பொம்மையார்பாளையம் கடற்கரையில் மணல் கொட்ட நிதி: வழி தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

எல்லோருக்கும் வணக்கம். புதுச்சேரிக்கு வடக்கே இருக்கும் பொம்மையார்பாளையம் மீனவர் கிராமத்துக்காகக் கேட்கிறேன். வலை உலர்த்தவும் படகை ஏற்றி வைக்கவும் இருந்த மணலைக் கடல் தின்றுவிட்டது. ஐப்பசி, கார்த்திகை வந்தாலே வீட்டில் இருப்பவர்களுக்குத் தூக்கம் இல்லை.

1980களில் புதுச்சேரி துறைமுகத்துக்கு அலைத்தடுப்புச் சுவர் கட்டிய பிறகு, தெற்கிலிருந்து வரும் மணல் அங்கேயே தேங்கிவிடுகிறது. கல் கொட்டினால் அரிப்பு அடுத்த குப்பத்துக்குத்தான் போகும். தேங்கிய மணலை வடக்கே கொண்டுவந்து கொட்டுவதுதான் சரி, அதுவும் வருடா வருடம்.

கடற்கரைகளை மீட்கத் தமிழ்நாடு அரசு நடத்தும் திட்டமான தமிழ்நாடு நெய்தல் மீட்சி இயக்கத்தில் இதற்கு நிதி கேட்கலாமா? ஊர்ப் பஞ்சாயத்தே மனு கொடுக்கலாமா, கலெக்டர் வழியாகவா? மணல் இருப்பது புதுச்சேரியில், ஊர் இருப்பது விழுப்புரம் மாவட்டத்தில். அப்புறம், திட்ட அறிக்கை எழுதத் தெரிந்தவர்கள் யாராவது இருந்தால் தயவுசெய்து கைகொடுங்கள்.