கால் எட்டு, மிஞ்சியது அடி: டீக்கடைப் பலகை விடுகதைக்கு விடை தேவை

தேரடி வாசகன்:

வணக்கம். திருவொற்றியூரில் நான் தினமும் டீ குடிக்கும் கடையில் ஒரு கரும்பலகை உண்டு. முன்பெல்லாம் அதில் வடை, போண்டா விலை எழுதியிருக்கும். கடைக்காரருக்கு விடுகதைப் பித்து பிடித்த பிறகு விலைப்பட்டியல் சுவருக்குப் போய்விட்டது. திங்கட்கிழமைதோறும் பலகையில் புது விடுகதை. சரியாகச் சொன்னவருக்கு ஒரு வாரம் டீ இலவசம். தவறாகச் சொன்னால், அந்த நேரத்தில் கடையில் நிற்கும் யாராவது ஒருவருக்கு நம் செலவில் டீ. ஆளுக்கு நாளொன்றுக்கு ஒரு விடைதான். ஞாயிறு இரவு கடை அடைக்கும்போது ஈரத்துணியால் துடைத்துவிடுவார். துடைத்தபின் கெஞ்சினாலும் விடையைச் சொல்லமாட்டார்.

இந்த வாரத்தது இது. அவர் எழுதியபடியே தருகிறேன்:

வந்தபோது எனக்குக் கால் எட்டு.
உங்கள் வாயில் விழுந்தேன். எட்டுப் போய் அடி மிஞ்சியது.
முடி வைத்திருந்தும் மன்னன் இல்லை.
மூன்று ஆண்டு ஆண்டும் மண் என்னுடையது இல்லை.
பெருமாளுக்கு வீடு தந்தும் பெருமாள் அடியான் இல்லை.
யார் நான்?

வரலாற்றில் உண்மையாக வாழ்ந்தவர் என்று மட்டும் வாய்திறந்து சொன்னார். செவ்வாய்க்கிழமை நான் கோச்செங்கட் சோழன் என்றேன். எட்டுக் கால் என்றால் சிலந்தி. திருவானைக்காவில் சிவலிங்கத்துக்கு மேல் வலை பின்னிய சிலந்திதான் மறுபிறவியில் கோச்செங்கணான் ஆனது என்பது புராணம். எழுபது மாடக்கோயில் கட்டிய சிவபக்தர். திருநறையூரில் பெருமாளுக்கும் கோயில் எடுத்ததாகத் திருமங்கையாழ்வாரே பாடியிருக்கிறார். ஐந்தாவது வரி எவ்வளவு அழகாகப் பொருந்துகிறது பாருங்கள்! கடைக்காரர் கண்ணாடித் தம்ளரைக் கழுவிக்கொண்டே, "மூன்றாவது வரியைப் படித்தீர்களா?" என்று மட்டும் கேட்டார். மன்னன் இல்லை என்று எழுதிய இடத்தில் ஒரு சோழ மன்னனைக் கொண்டுபோய் நிறுத்தியிருக்கிறேன். மீன்பாடி வண்டிக்காரர் ஒருவர் என் காசில் டீ குடித்துவிட்டு வாழ்த்திவிட்டுப் போனார்.

இன்று வியாழன். உதவுங்கள்.

எண்ணெழுத்து:

ஐயா, காலை உடல் உறுப்பாக ஏன் எடுத்துக்கொள்கிறீர்கள்? கால் என்பது கால்பங்கும்தான். ஔவையார் பாடியதாகச் சொல்லும் "எட்டேகால் லட்சணமே" நினைவிருக்கிறதா? தமிழ் எண்ணில் எட்டுக்கு "அ", காலுக்கு "வ". எட்டேகால் என்றால் "அவ", ஆகவே அவலட்சணம். உங்கள் விடுகதையில் முதலில் கால், பிறகு எட்டு. ஆக "வ", "அ". பெயர் வகரத்தில் தொடங்க வேண்டும். வந்தவர் என்றும் இருக்கிறது. வாஸ்கோ ட காமா என்று சொல்லிப் பாருங்களேன்.

தேரடி வாசகன்:

எண்ணெழுத்து ஐயா, கணக்கு எனக்கு மிகவும் பிடித்துப்போனது. ஆனால் வாஸ்கோ வைஸ்ராயாக வந்தது 1524இல், அதே ஆண்டில் கொச்சியில் இறந்தும் போனார். மூன்று ஆண்டு எங்கே? தவிர, அவருக்கும் பெருமாளுக்கும் என்ன சம்பந்தம்? இன்னொரு டீயை இழக்கத் தயாராக இல்லை.

ராயபுரத்தான்:

இரண்டாவது வரியைச் சொல் விளையாட்டாகப் பாருங்கள். "கால் எட்டு" என்பதைச் சேர்த்து எழுதினால் காலெட்டு. அதில் எட்டுப் போய் அடி வந்தால் காலடி. காலடியில் பிறந்தவர் ஆதிசங்கரர். திருவொற்றியூருக்கும் அவருக்கும் தொடர்பு உண்டு. தியாகராஜர் கோயிலில் வட்டப்பாறையம்மனின் உக்கிரத்தைத் தணித்தவர் அவரே என்று சொல்வார்கள். உங்கள் ஊர்க் கடைக்காரர் உங்கள் ஊர்க் கதையைத்தான் கேட்டிருப்பார். முடிந்தது கதை.

தேரடி வாசகன்:

அண்ணா, காலடி வரை வந்தது பெரிய உதவி. நேற்றிரவு எனக்கு அது தோன்றவே இல்லை. ஆனால் "முடி வைத்திருந்தும்" என்று இருக்கிறதே. முடி என்றால் கிரீடம், இல்லையென்றால் தலைமயிர். சங்கரர் துறவி, மழித்த தலை. இரண்டுமே இல்லை. எந்த ஊரையும் மூன்று ஆண்டு ஆண்டவரும் இல்லை.

தறிவீட்டுப் பேத்தி:

இவ்வளவு தூரம் வந்துவிட்டு, கேரளத்துக்கு ஏன் ரயில் ஏறுகிறீர்கள்? தேரடி வாசகன் அவர்களே, நீங்கள் எந்த மெட்ரோ நிலையத்தில் ஏறி வேலைக்குப் போகிறீர்கள்?

தேரடி வாசகன்:

காலடிப்பேட்டையில்.

ஐயோ.

தறிவீட்டுப் பேத்தி:

அதேதான். அந்தப் பேட்டையில் யாருடைய காலடியும் இல்லை. சென்னைக் கோட்டையில் கவர்னராக இருந்த ஜோசப் காலெட் என்பவர் நெசவாளர்களைக் குடியேற்றி அமைத்த ஊர் அது. காலெட் பேட்டை. எங்கள் தாத்தா வீட்டில் தறி ஓடிய காலத்தில் பெரியவர்கள் "காலெட்டுப் பேட்டை" என்றே சொல்லக் கேட்டிருக்கிறேன். நம் நாக்கு வல்லின மெய்யில் ஒரு சொல்லை முடிக்காது, கடைசியில் ஒரு உகரத்தை ஒட்டிவிடும். டிக்கெட் டிக்கெட்டு ஆகிறது, பக்கெட் பக்கெட்டு ஆகிறது. காலெட் காலெட்டு ஆனார். கப்பலில் இருந்து இறங்கியபோது துரைக்குக் கால் எட்டு. பிறகு நாம் சொல்லிச் சொல்லி எட்டும் போய் அடியாகிவிட்டது. "உங்கள் வாயில் விழுந்தேன்" என்று எழுதியிருக்கிறாரே, அந்தக் கடைக்காரருக்கு நான் ஒரு டீ வாங்கித் தர வேண்டும்.

கோட்டை மதில்:

தறிவீட்டுப் பேத்தி சொன்னது சரி. மற்ற வரிகளையும் ஒட்டிப் பார்த்துவிடலாம்.

காலெட் கவர்னராக இருந்தது 1717 முதல் 1720 வரை. அதற்கு முன் சுமத்ராவில் பென்கூலனில் கம்பெனி வேலை. மூன்று ஆண்டுக் கணக்கு சரியாக விழுகிறது. மண் அவருடையது இல்லை, கம்பெனியுடையது. அதுவும் 1708இல் நவாபிடமிருந்து கம்பெனிக்குக் கிடைத்த ஐந்து ஊர்களில் ஒன்றுதான் திருவொற்றியூர். மற்றவை கத்திவாக்கம், சாத்தங்காடு, வியாசர்பாடி, நுங்கம்பாக்கம். நுங்கம்பாக்கத்தையும் சாத்தங்காட்டையும் ஒரே மூச்சில் சொன்ன காலம் ஒன்று இருந்தது என்பதை நுங்கம்பாக்கத்துக்காரர்களிடம் சொல்லிப் பாருங்கள், நம்பமாட்டார்கள்.

முடி என்பது பொய்முடி. அந்தக் காலத்து ஆங்கிலேயக் கனவான்கள் தலையில் வைத்துக்கொண்டு திரிந்தது. நம் வெயிலுக்கு எப்படித்தான் தாங்கினார்களோ.

பெருமாள், காலடிப்பேட்டை கல்யாண வரதராஜர். இதற்கு ஊரில் ஒரு கதை வழங்குகிறது. துரையிடம் வேலை பார்த்த வீரராகவர் என்பவர் காஞ்சி வரதரைத் தொழாமல் வேலைக்கு வரமாட்டாராம், தினமும் தாமதம். "இந்த நேரத்தில் அந்தக் கோயிலில் என்ன நடக்கிறது, சொல் பார்ப்போம்" என்று துரை சோதிக்க, அவர் இங்கிருந்தபடியே சொன்னாராம். ஆள் அனுப்பி விசாரித்தால் அப்படியே நடந்திருக்கிறது. இனி இவர் அவ்வளவு தூரம் அலைய வேண்டாம் என்று துரை இங்கேயே வரதருக்குக் கோயில் எழுப்பினார் என்பது கதை. திருவொற்றியூரிலிருந்து காஞ்சிக்குத் தினமும் எப்படிப் போய்வந்தார் என்று கேட்காதீர்கள். பக்தர் கதையில் கிலோமீட்டர் கணக்குப் பார்ப்பது மரியாதை இல்லை. துரை கிறிஸ்தவர் என்பதால் பெருமாள் அடியான் இல்லை என்ற வரியும் நிற்கிறது.

கூடுதலாக ஒன்று. இவருடைய உருவம் இன்றும் இருக்கிறது. லண்டன் தேசிய உருவப்பட அரங்கில் வண்ணம் தீட்டிய களிமண் பொம்மையாக நிற்கிறார். 1716இல் அமாய் சின்குவா என்ற சீனக் கைவினைஞர் செய்தது. சுடாத களிமண், 300 ஆண்டாக உடையாமல் இருக்கிறது. நம் வீட்டுக் கொலு பொம்மை 3 ஆண்டு தாங்குவதில்லை.

எண்ணெழுத்து:

தோற்றேன். ஆனால் இதே வழியில் வந்த இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். மயிலாப்பூர்ப் பக்கம் ஹாமில்டன் பாலம் மக்கள் வாயில் அம்பட்டன் வாராவதி ஆனது. பின்னர் வந்த வெள்ளைக்காரர்கள் பொருளைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, அதை பார்பர்ஸ் பிரிட்ஜ் என்று திரும்ப மொழிபெயர்த்துவிட்டார்கள். ஹாமில்டன் துரைக்கு இரண்டு முறை சவரம். காலெட் துரை அந்த மட்டில் தப்பித்தார்.

ராயபுரத்தான்:

நல்லவேளை, யாரும் அவரை ஃபுட்ஸ்டெப் நகர் ஆக்கவில்லை.

தேரடி வாசகன்:

விடை சொல்லிவிட்டு இப்போதுதான் வீடு திரும்பினேன். எழுதியே ஆக வேண்டும்.

இன்று வெள்ளி, மாலை கூட்டம். கடைக்காரர் பாலை ஆற்றிக்கொண்டிருந்தார். "காலெட் துரை" என்றேன். கை நிற்கவில்லை, ஆற்றிக்கொண்டே, "எந்த வரியில் கண்டுபிடித்தீர்கள்?" என்றார். நீங்கள் எல்லோரும் சொன்னதை நானே யோசித்ததுபோல் வரிசையாகச் சொன்னேன் (மன்னிக்கவும்). எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். "ஐந்தாவது வரியில் ஒன்றை விட்டுவிட்டீர்கள்" என்றார். வரதராஜர், வீரராகவர், கிறிஸ்தவர் எல்லாம் சொன்னேனே என்றேன்.

கல்லாவுக்குப் பின்னாலிருந்து எழுந்து வந்து, பலகையில் "அடியான்" என்ற சொல்லுக்கு நடுவே சுண்ணாம்புக்கட்டியால் ஒரு கோடு போட்டார். அடி. யான். அடி நான்.

விடையை ஐந்து நாளாகப் பலகையிலேயே கையெழுத்துப் போட்டு வைத்திருக்கிறார் மனிதர். கடையில் இருந்த எட்டுப் பேரும் வாய்விட்டுச் சிரித்தோம். எண்ணிப் பார்த்தேன், உண்மையாகவே எட்டுப் பேர்.

நாளை காலை முதல் எனக்கு இலவச டீ. செவ்வாய்க்கிழமை மீன்பாடி வண்டிக்காரருக்கு வாங்கித் தந்ததைக் கழிக்க முடியுமா என்று கேட்டேன், முடியாது என்றார். விடை வந்துவிட்டதால் ஞாயிறு வரை காத்திருக்காமல் உடனே பலகையைத் துடைத்துப் புதியதை எழுதிவிட்டார்:

வலை வீசினேன், சாவி வைத்திருக்கிறேன்.
என் பெயரின் பொருள் கல். நீங்கள் கேட்டது ராஜா என்று.
என் ஊரில்தான் தென்னாட்டின் முதல் ரயில் புறப்பட்டது.

ராயபுரத்தான்:

தம்பி, இதை நான் சொன்னால் டீ யாருக்கு?

தேரடி வாசகன்:

அண்ணா, பாதிப் பாதி. திங்கள், புதன், வெள்ளி உங்களுக்கு.

ராயபுரத்தான்:

ஞாயிறும் சேர்த்து. அன்றைக்குத்தான் எனக்குத் தேவாலயத்துக்குப் போய்விட்டுத் திரும்பும் வழியில் டீ வேண்டும். இதைவிடப் பெரிய குறிப்பு தரமாட்டேன்.