மின்சார ரயில் பயணத்தில் கச்சேரி கேட்க எந்த ஹெட்ஃபோன் வாங்கலாம்?

பல்லவிப்பிரியன்:
அனைவருக்கும் வணக்கம். தாம்பரத்திலிருந்து கடற்கரை வரை வாரத்தில் ஆறு நாளும் மின்சார ரயிலில் போய்வருகிறேன். போக ஒரு மணி, வர ஒரு மணி என்று வைத்துக்கொள்ளுங்கள். கேட்பதெல்லாம் கர்நாடகக் கச்சேரிகள்தான், அதிலும் பழைய வானொலிப் பதிவுகளே மிகுதி. வீட்டில் துல்லியமாகக் கேட்கும் தம்புராவும் மிருதங்கத்தின் இடப்பக்கமான தொப்பியின் தாழ்ந்த நாதமும், வண்டி வேகமெடுத்ததும் எங்கோ போய்விடுகின்றன. வலப்பக்கமான வலந்தலையின் 'நம்' மட்டும் மிஞ்சுகிறது. சத்தத்தைக் கூட்டினால் அன்று இரவு முழுவதும் காது குடைகிறது. முன்பு வைத்திருந்த வயர் இல்லாத இயர்பட்ஸில் ஒன்றரை ஆண்டிலேயே இடப்பக்கம் நாற்பது நிமிடம்கூடத் தாங்காமல் போயிற்று. பேட்டரியை மாற்ற வழியில்லை என்று கடையில் கைவிரித்துவிட்டார்கள். ஐயாயிரம் ரூபாய்க்குள் எதை வாங்கலாம்? காதை மூடும் பெரிய வகையா, உள்ளே செருகும் வகையா? என் போனில் 3.5 மி.மீ. துளை இல்லை.

கும்கி:
ரயிலின் உறுமலும் தொப்பியின் நாதமும் ஏறத்தாழ ஒரே தாழ்ந்த அதிர்வெண்களில் இருப்பதால், முன்னது பின்னதை விழுங்கிவிடுகிறது. ஆகவே ஹெட்ஃபோன் எவ்வளவு இனிமையாக ஒலிக்கிறது என்பதைவிட, வெளிச்சத்தத்தை எவ்வளவு தடுக்கிறது என்பதையே நீங்கள் முதலில் பார்க்க வேண்டும். காது குடைவதை அலட்சியப்படுத்த வேண்டாம். 80 டெசிபல் அளவில் வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்கலாம் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் வரையறை; ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் அந்த நேரம் பாதியாகிவிடும். 86 டெசிபலில் பத்து மணி நேரம்தான். உங்கள் பயணமோ வாரத்துக்குப் பன்னிரண்டு மணி நேரம்.

செருகும் வகையையே வாங்குங்கள். அதிலும் உயிர்நாடி, நுனியில் மாட்டும் ரப்பர்தான். காது மடலை மேல்நோக்கிச் சற்று இழுத்துக்கொண்டு, லேசாகத் திருகிச் செருகிய பின் பேசிப் பாருங்கள். உங்கள் குரல் குடத்துக்குள் பேசுவதுபோல் முழங்கினால் அடைப்பு சரியாக இருக்கிறது. முழங்காவிட்டால் வேறு அளவு ரப்பரை மாட்டுங்கள். இரு காதுக்கும் ஒரே அளவு பொருந்த வேண்டும் என்பதில்லை. தொப்பி கேட்கவில்லை என்று பொருளைக் குறை சொல்பவர்கள் பலர். காற்றுக் கசிவதுதான் பெரும்பாலும் காரணம்.

மெரினா நடையர்:
கும்கி சொல்வதை ஒப்புக்கொள்கிறேன், ஆனால் எல்லோருக்கும் அது பொருந்தாது. நான் பயன்படுத்துவது கோஸ் நிறுவனத்தின் போர்ட்டா ப்ரோ. 1984-இல் வந்த வடிவத்தை இன்னும் பெரிதாக மாற்றாமல் விற்கிறார்கள். மெல்லிய ஸ்பாஞ்ச், மடக்கினால் உள்ளங்கைக்குள் அடங்கும், கனமே தெரியாது. காலையில் கடற்கரையில் நடக்கும்போது பின்னால் வரும் சைக்கிள் மணியும் கேட்கும், பாட்டும் கேட்கும். செருகும் வகையில் அந்த எச்சரிக்கை கிடைக்காது. இருந்தாலும் அதை ரயிலில் போட்டுப் பார்த்து நானே தோற்றவன். வெளிச்சத்தம் தடையின்றி உள்ளே வந்துவிடும், நம் பாட்டும் பக்கத்து இருக்கைக்காரருக்கு இலவசம். காதை மூடும் பெரியவற்றைப் பற்றி ஒரு சொல்: நம் ஊர் மே மாதத்தில் இருபது நிமிடத்துக்குள் காதோரம் வியர்வை வழியும். என்னிடமிருந்த ஒன்றின் செயற்கைத்தோல் மெத்தை இரண்டே கோடையில் கருவேப்பிலைச் சருகு போல் உதிர்ந்து சட்டையெல்லாம் ஒட்டியது.

வயர்க்காரன்:
துளை இல்லாதது பெரிய தடையன்று. டைப்-சி முனையிலிருந்து 3.5 மி.மீ.க்கு மாற்றும் சிறு வயர் கிடைக்கிறது; உள்ளேயே டிஜிட்டலை ஒலியாக மாற்றும் சில்லு கொண்டதாகக் கேட்டு வாங்குங்கள், அது இல்லாத மலிவு வகை சில போன்களில் வேலை செய்யாது. செருகும் இயர்ஃபோனிலும் வயரைக் கழற்றி மாற்றும் வசதி இருக்கட்டும். முதலில் பழுதாவது வயர்தான். பேட்டரி இல்லாத பொருளுக்கு ஆயுள் அதிகம் என்பது உங்களுக்கே தெரிந்துவிட்டது.

மின்னணு இரைச்சல் நீக்கம் ரயிலின் உறுமலை உண்மையிலேயே குறைக்கும். ஆனால் பக்கத்தில் நடக்கும் பேச்சை அவ்வளவாகக் குறைக்காது. சன்னலோரம் உட்கார்ந்தால் எதிர்காற்று மைக்கில் மோதிப் புஸ்ஸென்று புதிய இரைச்சலை உண்டாக்கும். புளூடூத்தில் ஒலியை அனுப்பும் முறையான எல்டிஏசி 990 கிலோபிட் என்றெல்லாம் அட்டைப்பெட்டியில் போட்டிருப்பதற்குக் கூடுதல் விலை கொடுக்க வேண்டாம். பழைய வானொலிப் பதிவில் அதற்கு மேல் எடுத்துக்கொடுக்க ஒன்றுமில்லை.

பல்லவிப்பிரியன்:
பத்து நாள் கழித்து எழுதுகிறேன். வயர் கழற்றக்கூடிய ஒன்றை, மாற்று வயரும் சேர்த்து, பாதித் தொகைக்குள் வாங்கிவிட்டேன். இடக்காதுக்கு நடுத்தர ரப்பரும் வலக்காதுக்குச் சிறியதும் பொருந்தின. நேற்று பரங்கிமலைக்கும் கிண்டிக்கும் இடையே மிருதங்கத் தனி ஆவர்த்தனத்தில், தொப்பியைக் கையால் அழுத்தி எழுப்பும் 'கும்கி' நாதம் ஒவ்வொன்றும் காதில் விழுந்தது. போனின் ஒலியளவு 15-இல் 13 வைத்தவன் இப்போது 8-இல் கேட்கிறேன். மாலையில் செங்கல்பட்டு வண்டியில் தாம்பரம் வந்ததே தெரியாமல் பெருங்களத்தூரில் இறங்கியது தனிக்கதை. ஒரே குறை, வயர் சட்டையில் உரசும்போதெல்லாம் 'தொம் தொம்' என்று காதில் இடிக்கிறது.

கும்கி:
வயரைக் காதுக்கு மேலாகக் கொண்டுபோய்ப் பின்புறம் சுற்றி இறக்குங்கள், அந்த இடி பெரிதும் அடங்கிவிடும். இடம் வலம் எழுத்தைப் பார்த்து மாட்டுங்கள். முதல் நாள் குழம்பும்.