புதுப்பிப்பு: வாழ்க்கைத்துணைக்குப் பரிசாகச் சமையல் கத்தி

முந்தைய பதிவில் ஆறு கத்திகள் கொண்ட செட்டைப் பரிந்துரைத்திருந்தேன், அதை மாற்றிக்கொள்கிறேன். 20 செ.மீ. செஃப் கத்தி ஒன்று, 9 செ.மீ. சிறு கத்தி ஒன்று, அவ்வளவு போதும். மிச்சப் பணம் எஃகின் தரத்துக்குப் போகட்டும்.

எஃகு எவ்வளவு கடினம் என்று காட்டும் ராக்வெல் எண் 56–58 என்றால் சீக்கிரம் மழுங்கும், ஆனால் தீட்டுகோலில் (கைப்பிடி வைத்த எஃகுக் கம்பி) நாலு இழுப்பு இழுத்தால் கூர்மை திரும்பும். 60-க்கு மேல் கூர்மை நெடுநாள் நிற்கும். ஆனால் எலும்பிலோ உறைந்த இறைச்சியிலோ பட்டால் விளிம்பு சில்லுசில்லாகப் பெயரும். இந்தக் கடினக் கத்தியைத் தீட்ட, நனைத்துத் தேய்க்கும் தண்ணீர்க் கல்தான் சரி, 1000 கிரிட் (நடுத்தரச் சொரசொரப்பு) வாங்குங்கள். கழுவாமல் ஊறப்போடுபவருக்குக் கார்பன் எஃகு வேண்டவே வேண்டாம், துருப்பிடிக்கும்.

துணைக்கு இடக்கைப் பழக்கமா? ஒரு பக்கம் மட்டும் புடைத்த 'டி' (D) வடிவப் பிடி பெரும்பாலும் வலக்கைக்கானது. வீட்டில் காய் நறுக்கக் கண்ணாடிப் பலகை இருந்தால், அது கத்தியை மழுக்கிவிடும், மரப்பலகையும் சேர்த்தே கொடுங்கள்.