டிசைனர் பெட்டிக்குள்ள நம்ம விட்ஜெட்

[இரவு 8:12] நான்: சித்தப்பா, அத்தான், யாராவது ஃப்ரீயா? சி++ல ஒரு வட்ட மானி விட்ஜெட் எழுதியாச்சு. ப்ரோக்ராம்ல முள் சரியா நகருது. இதை க்யூட்டி டிசைனர்ல (ஃபார்ம் வரையற டூல்) விட்ஜெட் பெட்டியில இருந்து இழுத்துப் போடுற மாதிரி ஆக்கணும். ப்ரமோட் பண்ணினா (ஃபார்ம்ல வேற விட்ஜெட்டை வச்சு, ஓடும்போது நம்ம கிளாஸா ஆக்குறது) போதுமா, ப்ளகின் (டிசைனரே ஏத்திக்கிற லைப்ரரி) எழுதணுமா?

[8:14] சித்தப்பா: எத்தனை ஃபார்ம்ல வருது? ஃபார்ம் போடுறது யாரு?

[8:14] நான்: 12 ஃபார்ம். போடுறவங்க கோட் பக்கமே வரமாட்டாங்க.

[8:17] சித்தப்பா: அப்போ ப்ளகின்தான்டா. ஆனா அதை ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி ப்ரமோட்ல ஓட்டிப் பாரு, அஞ்சு நிமிஷ வேலை. ஃபார்ம்ல ஒரு வெறும் விட்ஜெட்டை வை. ரைட் கிளிக், 'ப்ரமோட் டு'. கிளாஸ் பேரு, ஹெடர் ஃபைல் பேரு கொடு, 'ஆட்' அழுத்து, அப்புறம் 'ப்ரமோட்'. டிசைனர்ல மானி தெரியாது, காலிக் கட்டம்தான் தெரியும். ஓட்டினா மானி வரும்.

[8:18] அக்கா: ஹெடர் பேரை கவனி தம்பி. கிளாஸ் பேரை டைப் பண்ணினதும் டிசைனரே எல்லாத்தையும் சின்ன எழுத்தாக்கி ஒரு ஹெடர் பேரைப் போட்டுடும். உன் ஃபைல் பேர்ல பெரிய எழுத்து இருந்தா விண்டோஸ்ல பில்டு ஆகும், லினக்ஸ்ல ஃபைலே இல்லைன்னு நிக்கும்.

[8:20] சித்தப்பா: இன்னொண்ணு, எதுக்கு மேல ப்ரமோட் பண்றேங்கிறதும் முக்கியம். உன் கிளாஸ் க்யூவிட்ஜெட்ல இருந்து வந்தா க்யூவிட்ஜெட் மேலதான் ப்ரமோட் பண்ணணும். அழகா இருக்குன்னு க்யூஃபிரேம் மேல பண்ணிடாதே. க்யூஃபிரேமை வச்சதுமே ஃபிரேம்ஷேப், ஃபிரேம்ஷேடோ ரெண்டையும் டிசைனர் யூஐ ஃபைல்ல (ஃபார்மைச் சேமிக்கிற ஃபைல்) எழுதிடும். யூஐசிங்கிற டூல்தான் யூஐ ஃபைலை சி++ ஆக்குறது, அது அதை செட்ஃபிரேம்ஷேப்னு கோடா மாத்தும். உன் கிளாஸ்ல அந்த ஃபங்ஷன் கிடையாது, கம்பைல் ஆகாது.

[8:23] நான்: ப்ரமோட் ஆச்சு, மானி வந்துடுச்சு. ஆனா குறைந்த அளவு, அதிக அளவு எல்லாம் ப்ராப்பர்ட்டி எடிட்டர்ல இல்லையே?

[8:24] அக்கா: வராது. டிசைனருக்கு உன் கிளாஸ் இருக்கிறதே தெரியாது, பேரு மட்டும்தான் தெரியும். ஒரு வழி இருக்கு. ப்ராப்பர்ட்டி எடிட்டர் மேல இருக்கிற கூட்டல் குறியை அழுத்தி, உன் கிளாஸ்ல இருக்கிற அதே பேர்ல டைனமிக் ப்ராப்பர்ட்டி சேர்த்துடு. யூஐசி அதை செட்ப்ராப்பர்ட்டின்னு எழுதும், ஓடும்போது உன் செட்டரே (மதிப்பை வைக்கிற ஃபங்ஷன்) கூப்பிடப்படும். பேர்ல ஒரு எழுத்து தப்பினாலும் எந்த எர்ரரும் வராது, மதிப்பு மட்டும் போய்ச் சேராது.

[8:25] அக்கா: சிக்னல் ஸ்லாட்டும் அப்படித்தான். ரைட் கிளிக் பண்ணி 'சேஞ்ச் சிக்னல்ஸ் ஸ்லாட்ஸ்'ல கையால எழுதணும். 12 ஃபார்முக்கு இதைச் செய்யச் சொல்றது நியாயமே இல்லை.

[8:31] சித்தப்பா: சரி, ப்ளகினுக்கு வருவோம். க்யூடிசைனர்கஸ்டம்விட்ஜெட்இன்டர்ஃபேஸ் கிளாஸை எடுத்து அதோட ஃபங்ஷன்களை நிரப்பணும். நேம், குரூப், ஐகான், டூல்டிப், வாட்ஸ்திஸ், இன்க்ளூட்ஃபைல், இஸ்கன்டெய்னர், கிரியேட்விட்ஜெட். எல்லாம் ஒவ்வொரு வரி. கிரியேட்விட்ஜெட்ல பேரன்ட்டை மறக்காம உள்ள கடத்து. க்யூ_ப்ளகின்_மெட்டாடேட்டால வர்ற ஐஐடி (ப்ளகின் அடையாள) ஸ்ட்ரிங்கைக் கையால டைப் பண்ணாதே, டாக்குமென்ட்டேஷன்ல இருக்கிறதை அப்படியே ஒட்டு.

[8:33] சித்தப்பா: விட்ஜெட்டை எக்ஸ்எம்எல்லா விவரிக்கிற டாம்எக்ஸ்எம்எல் ஃபங்ஷன்ல கொடுக்கிற கிளாஸ் பேரும், நேம் ஃபங்ஷன் கொடுக்கிற பேரும் ஒண்ணா இருக்கணும். நேம்ஸ்பேஸ் இருந்தா ரெண்டுலயும் நேம்ஸ்பேஸோட எழுது.

[8:36] அத்தான்: இப்பதான் பார்த்தேன். மாமா சொன்னதெல்லாம் சுலபம், ஆளைச் சுத்த விடுறது பில்டுதான். நீ எந்த டிசைனர் யூஸ் பண்றே? தனியா திறக்கிறதா, க்யூட்டி கிரியேட்டருக்குள்ள (கோட் எழுதுற எடிட்டர்) இருக்கிறதா?

[8:36] நான்: கிரியேட்டருக்குள்ள, அத்தான். விண்டோஸ். என் கிட் (பில்டுக்கான க்யூட்டி, கம்பைலர் செட்) மின்ஜிடபிள்யூ கம்பைலர்.

[8:41] அத்தான்: அங்கேயே மாட்டும். கிரியேட்டர் தனக்குன்னு ஒரு க்யூட்டியோட வருது. நீ எந்த கிட் வச்சிருந்தாலும் உள்ள இருக்கிற டிசைனர் அந்த க்யூட்டிலதான் ஓடும். ஹெல்ப் மெனுல 'அபவுட்' திற. எந்த க்யூட்டி, எந்த கம்பைலர்னு இருக்கும். விண்டோஸ்ல பெரும்பாலும் எம்எஸ்விசின்னு (மைக்ரோசாஃப்ட் கம்பைலர்) வரும். ப்ளகினை அதே கம்பைலர்ல பில்டு பண்ணணும். க்யூட்டி வெர்ஷன் அதுக்கு மேல போகக் கூடாது, புது வெர்ஷன்ல கட்டின ப்ளகினை பழைய க்யூட்டி ஏத்தாது. மின்ஜிடபிள்யூல கட்டினதை எம்எஸ்விசி டிசைனர் தொடவே தொடாது.

[8:42] அத்தான்: இல்லைன்னா உன் கிட்டோட வர்ற தனி டிசைனரையே யூஸ் பண்ணு. ஃபார்ம் போடுறவங்களுக்கு கிரியேட்டரே தேவையில்லைன்னா இதுதான் நிம்மதி. ப்ளகின் ஃபைலை அந்த க்யூட்டியோட 'ப்ளகின்ஸ்' ஃபோல்டருக்குள்ள இருக்கிற 'டிசைனர்' ஃபோல்டர்ல போடு.

[8:55] நான்: போட்டேன். தனி டிசைனர்தான். பெட்டியில வரலை.

[8:56] அத்தான்: தனி டிசைனர்ல ஹெல்ப், 'அபவுட் ப்ளகின்ஸ்'. ஏத்த முடியாததை அங்கேயே காரணத்தோட காட்டும். என்ன எழுதியிருக்கு?

[8:58] நான்: டீபக் லைப்ரரியையும் ரிலீஸ் லைப்ரரியையும் கலக்க முடியாதுன்னு.

[8:59] அத்தான்: டீபக்ல கட்டியிருக்கே. டிசைனர் ரிலீஸ் பில்டு. ப்ளகினை ரிலீஸ்ல கட்டு. உன் ப்ரோக்ராம் டீபக்ல இருந்தா இருக்கட்டும், அதுக்கும் இதுக்கும் சம்பந்தமில்லை.

[9:00] அத்தான்: அப்புறமும் வரலைன்னா க்யூடி_டீபக்_ப்ளகின்ஸ்னு ஒரு என்விரான்மென்ட் வேரியபிள் இருக்கு. அதை 1னு வச்சு கமாண்ட் விண்டோல இருந்து டிசைனரைத் திற. எதை ஏன் ஒதுக்கினதுன்னு டீபக் அவுட்புட்ல வரிவரியா வரும்.

[9:02] அக்கா: என்னங்க, அவன் விட்ஜெட்டையும் ப்ளகினையும் ஒரே ப்ராஜெக்ட்ல வச்சிருக்கானான்னு கேளுங்க.

[9:03] நான்: ஒரே ப்ராஜெக்ட்தான் அக்கா.

[9:07] அத்தான்: பிரிச்சிடு. விட்ஜெட் ஒரு லைப்ரரி, ப்ளகின் அதுமேல மெல்லிசா ஒரு உறை. ப்ரோக்ராம் விட்ஜெட் லைப்ரரியை மட்டும் லிங்க் பண்ணும். ப்ளகின் டெவலப்பர் மெஷினோட நின்னுடும், யூஸருக்கு அனுப்ப வேண்டாம். ஆனா விட்ஜெட் தனி டிஎல்எல் ஆனா டிசைனருக்கு அதுவும் கிடைக்கணும். டிசைனர் எக்ஸிஇ இருக்கிற பின் ஃபோல்டர்ல அதையும் வை. இல்லைன்னா ப்ளகின் ஃபைல் கண்ணுக்கு முன்னாடி இருக்கும்போதே மாட்யூலைக் காணோம்னு வரும். எல்லாரும் ப்ளகினையே காணோம்னு சொல்றதா நினைச்சுத் தேடுவாங்க. அது தேடுறது ப்ளகினுக்குத் தேவையான இன்னொரு ஃபைலை.

[9:24] நான்: வந்துடுச்சு! பெட்டியில ஐகானோட இருக்கு. இழுத்துப் போட்டா டிசைனர்லயே முள் தெரியுது.

[9:26] சித்தப்பா: அருமைடா. இனி உன் கோட் டிசைனருக்குள்ள ஓடுது, அதை மனசுல வை. உன் கன்ஸ்ட்ரக்டர் க்ராஷ் ஆனா டிசைனரே மூடிடும், சேவ் பண்ணாத ஃபார்மும் போயிடும். சீரியல் போர்ட் திறக்கிறது, டேட்டாபேஸ்ல சேர்றது எதுவும் கன்ஸ்ட்ரக்டர்ல வேண்டாம். தனி ஃபங்ஷன்ல வச்சு ப்ரோக்ராம்ல இருந்து கூப்பிடு.

[9:27] சித்தப்பா: சைஸ்ஹின்ட் எழுதியிருக்கியா?

[9:27] நான்: இல்லை.

[9:29] சித்தப்பா: எழுது. மினிமம்சைஸ்ஹின்ட்டும் எழுது. பெயின்ட்ஈவென்ட்ல மட்டும் வரையற விட்ஜெட்டுக்கு எவ்வளவு இடம் வேணும்னு லேஅவுட்டுக்குத் தெரியாது. பக்கத்துல ஒரு டேபிள் வந்தா உன் மானியை நசுக்கிடும். செட்டர் ஒவ்வொண்ணுலயும் அப்டேட் கூப்பிடு, அளவு மாறினா அப்டேட்ஜியோமெட்ரியும். இல்லைன்னா ப்ராப்பர்ட்டி எடிட்டர்ல எண்ணை மாத்தினாலும் படம் பழசாவே நிக்கும்.

[9:30] அக்கா: முள்ளோட ஸ்டைலுக்கு ஈனம் (பேர் வச்ச மதிப்புகளோட வகை) வச்சிருந்தா க்யூ_ஈனம் போடு, எடிட்டர்ல எண்ணுக்குப் பதிலா பேர்ப் பட்டியல் வரும். உள் வேலைக்கு மட்டுமான ப்ராப்பர்ட்டிக்கு டிசைனபிள் ஃபால்ஸ்னு போடு, எடிட்டர்ல வராது.

[9:48] நான்: எல்லாம் பண்ணிட்டேன். ஒண்ணு மட்டும் புரியலை. டிசைனர்ல அதிக அளவு 250, மதிப்பு 180னு வச்சா முள் 180ல நிக்குது. ப்ரோக்ராமை ஓட்டினா 100ல நிக்குது.

[9:49] சித்தப்பா: ஆரம்ப அதிக அளவு 100ஆ? ஹெடர்ல ப்ராப்பர்ட்டியை அறிவிக்கிற க்யூ_ப்ராப்பர்ட்டி வரிகள் எந்த வரிசையில இருக்கு?

[9:50] நான்: ஆமா, 100. வரிசை: மதிப்பு, குறைந்த அளவு, அதிக அளவு.

[9:54] சித்தப்பா: அதான். டிசைனர் யூஐ ஃபைல்ல எழுதுறது நீ ஹெடர்ல அறிவிச்ச வரிசையில. யூஐசியும் அதே வரிசையில கோட் எழுதும். முதல்ல 180 வருது, அந்த நிமிஷம் எல்லை 100, உன் செட்டர் 100க்கு வெட்டுது. அப்புறம் எல்லை 250 ஆகி என்ன பிரயோஜனம்? டிசைனர்ல நீ கையால எல்லையை முதல்ல மாத்தினதால அங்க தெரியலை. க்யூட்டியோட க்யூடபிள்ஸ்பின்பாக்ஸ் ஹெடரைப் பாரு. டெசிமல்ஸ், மினிமம், மேக்ஸிமம், ஸ்டெப், கடைசியிலதான் வேல்யூ. அந்த வரிசையைப் பின்பற்று.

[10:06] நான்: வரிசையை மாத்தி ப்ளகினையும் புதுசா கட்டினேன். புது ஃபார்ம்ல 180 வருது. பழைய ஃபார்ம்ல இன்னும் 100தான்.

[10:09] அக்கா: பழைய யூஐ ஃபைல்ல பழைய வரிசைதானே எழுதியிருக்கு. டிசைனர்ல திறந்தாலும் உள்ள அதே வெட்டு நடக்கும், மதிப்பு 100னுதான் காட்டும். திறந்து, 180னு மறுபடி கொடுத்து சேவ் பண்ணு, புது வரிசையில எழுதும். நிறைய ஃபார்ம் இருந்தா டெக்ஸ்ட் எடிட்டர்ல அந்த மதிப்பு ப்ராப்பர்ட்டியை அதிக அளவுக்குக் கீழ நகர்த்து, அது வேகமா முடியும்.

[10:21] நான்: டெக்ஸ்ட் எடிட்டர்ல 12 ஃபைலையும் மாத்திட்டேன் அக்கா. எல்லாத்துலயும் 180.