மறு: ‘சாண்ட்’ என்பதற்குத் தமிழ்: ஓதிசை

குழும நண்பர்களுக்கு வணக்கம். தேவாலய வழிபாட்டில் ஓதுவதுபோல் பாடும் மெட்டை ஆங்கிலத்தில் ‘சாண்ட்’ (chant) என்பார்கள். அதற்குத் தமிழில் என்ன சொல் போடலாம் என்ற நம் பேச்சில், வந்த யோசனைகளுக்கு என் பதில் இது.

> மந்திரம் என்றே போடலாமே, எல்லோருக்கும் புரியும்.

புரியும் ஐயா, ஆனால் வேறொன்றாகப் புரியும். மந்திரம் என்றால் சொல்லின் ஆற்றல்தான் முதலில் நினைவுக்கு வரும். நமக்கு வேண்டியது மெட்டுக்கான பெயர். நான் குறிப்பு எழுதிக்கொண்டிருப்பது பிரெஞ்சு இசையமைப்பாளர் மொரீஸ் டுருஃப்ளே 1947-இல் முடித்த ரெக்வியம் பற்றி. இறந்தோருக்கான கத்தோலிக்கத் திருப்பலியின் பழைய கிரகோரிய மெட்டுகளை, அதாவது லத்தீனில் ஒரே மெட்டாகப் பாடப்படும் தேவாலய ஓதல் மெட்டுகளை, பாடகர் குழுவுக்கும் பெரிய இசைக்குழுவுக்குமாக விரித்து எழுதிய படைப்பு அது. தொடக்கத்தில் ஆண்குரல்கள் மெட்டை லத்தீன் சொற்களோடு பாட, பெண்குரல்கள் சொல்லே இல்லாமல் ‘ஆ’ என்று மேலே மிதக்கும். அடியில் வயலினைவிடச் சற்றுப் பெரிய வயோலாக்கள் ஓடிக்கொண்டே இருக்கும். அடுத்து வரும் ‘கீரியே’ (‘ஆண்டவரே, இரங்கும்’ என்ற வேண்டுதல்) பகுதியில் பழைய மெட்டை டிரம்பெட்டுகள் நீட்டி நீட்டி வாசிக்கும். சொல்லே இல்லாமல் கருவியில் வருவதை மந்திரம் என்று எப்படி எழுதுவது? வெறும் ‘ஓதல்’ என்பதற்கும் இதே தடை.

குழுமத்தில் அம்மா ஒருவர் சொன்ன ‘சுத்தாங்கம்’ எனக்கு மிகவும் பிடித்தது. ஓதுவார்கள் தாளமின்றிப் பாடுவதைச் சுத்தாங்கம் என்றும், தாளத்தோடு பாடுவதைப் பண்ணாங்கம் என்றும் பிரிப்பார்கள். கிரகோரிய மெட்டும் தாளக்கட்டில் அடங்காது. லத்தீன் சொல் போகிற போக்கில் போகும். அந்தப் போக்கைக் கெடுக்க மனமில்லாமல்தான் டுருஃப்ளே தாளக்குறியை அடிக்கடி மாற்றி எழுதினார். இருந்தாலும் சுத்தாங்கம் என்பது பாடும் முறைக்குப் பெயர், பாடப்படும் மெட்டுக்கு அல்ல.

‘ஓதுபண்’ என்ற யோசனையும் வேண்டாம். இந்த மெட்டுகளை எட்டு ‘மோட்’களாக, அதாவது சுர அமைப்பு வகைகளாக, வகுத்திருக்கிறார்கள், அதற்குப் பண் என்ற சொல் தேவைப்படும்.

ஆகவே ஓதிசை. வினைத்தொகை, ஓதிய, ஓதுகிற, ஓதும் இசை. ஓதலில் பிறந்தது என்பதால், பிறகு கருவிக்குப் போனாலும் பெயர் ஒட்டிக்கொண்டு போகும். ‘ஓ, திசை’ என்று பிரித்துப் படிப்பார்களே என்ற கவலை நியாயமானது. தனியாக நின்றால் எனக்கும் ஒரு கணம் தடுக்கிறது. ‘கிரகோரிய ஓதிசை’, ‘ஓதிசை மெட்டு’ என்று அடையோடு உரக்கப் படித்துப் பார்த்தேன், தடுக்கவில்லை. எனவே தலைப்பில் மட்டும் தனியாக விட வேண்டாம்.

இன்னொன்றும் பாக்கி. டிரம்பெட் வாசிக்கும் அந்த நீட்டு மெட்டுக்கு ‘கான்டுஸ் ஃபிர்முஸ்’ என்று பெயர். ‘நிலைமெட்டு’ என்று எழுதி வைத்திருக்கிறேன். சுற்றிலும் மற்றக் குரல்கள் ஓட, இது மட்டும் அசையாமல் நிற்கிறது என்பது சொல்லிலேயே தெரிய வேண்டும். இதைவிடப் பொருத்தமானது தோன்றினால் எழுதுங்கள்.