அக்டிவேஷனுக்கு ‘உரிமமேற்றம்’ என்று சொல்லலாமா?

அன்பின் நண்பர்களுக்கு,

கணினியில் மென்பொருளை இன்ஸ்டோல் செய்வதை ‘நிறுவுதல்’ என்கிறோம். அது நன்றாக ஊன்றிவிட்ட சொல். எங்கள் பாடசாலைப் பிள்ளைகளும் அப்படித்தான் எழுதுகிறார்கள். எனக்குள்ள பிரச்சினை அதற்கு அடுத்த படிதான். நிறுவிய மென்பொருளுக்கு நிறுவனத்திடம் அனுமதி வாங்கும் அக்டிவேஷனை ‘செயற்படுத்தல்’ என்று எழுதுகிறோமே, அது ஆளைக் குழப்புகிறது.

இங்கே மலையகத்தில், பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் இருக்கும் டீச்சர் அக்கா ஒருவருக்கு நடந்ததைச் சொல்கிறேன். சித்திரை மாதத்துப் பின்னேர இடியில் அவருடைய கணினியின் தாய்ப்பலகை (மதர்போர்ட்) எரிந்துவிட்டது. ஹட்டனில் கொடுத்து வேறு பலகை போட்டார். வன்தட்டு தப்பியதால் எல்லாம் அப்படியே இருந்தன. ஆனால் வினாத்தாள் தயாரிக்கும் மென்பொருளைத் திறந்ததும் ‘செயற்படுத்தப்படவில்லை’ என்று ஒரு பெட்டி வந்தது. பழுது என்று நினைத்து அதை அழித்துவிட்டு மறுபடி நிறுவினார். யன்னலோரம் போனை வைத்து, இரவு டேட்டாவில், மூன்று இரவுகள் அதைத் தரவிறக்கியிருக்கிறார். பெட்டி போகவில்லை. பிறகுதான் எனக்கு அழைத்தார்.

“திறக்குது தம்பி, எழுதவும் முடியுது. அப்புறம் ஏன் செயற்படலன்னு சொல்லுது?”

இந்தக் கேள்வியில் தப்பே இல்லை. அந்த மென்பொருள் செயற்பட்டுக்கொண்டுதான் இருந்தது. இல்லாமற் போனது, அந்தக் கணினிக்கான அனுமதி.

அக்டிவேஷனில் நடப்பது என்ன? மென்பொருளை வாங்கும்போது கிடைத்து நாம் தட்டிக் கொடுக்கும் சாவியோடு (கீ), கணினியின் பாகங்களிலிருந்து கணக்கிட்ட ஓர் அடையாள எண்ணும் நிறுவனத்தின் சேவையகத்துக்குப் போகிறது. இந்தச் சாவிக்கு இந்தக் கணினி என்று அங்கே குறித்துக்கொண்டு அனுமதியைத் திருப்பி அனுப்புகிறார்கள். 2001இல் விண்டோஸ் எக்ஸ்பி வந்தபோது வீட்டுக் கணினிக்காரர் பலர் இதை முதன்முதலாகப் பார்த்தார்கள்: 25 எழுத்துச் சாவி, 30 நாள் தவணை. இணையம் இல்லாதவர்கள் தொலைபேசியில் நீண்ட இலக்கத்தை வாசித்துக் காட்டி, பதிலுக்கு இன்னொரு நீண்ட இலக்கத்தை வாங்கித் தட்ட வேண்டியிருந்தது. தாய்ப்பலகை மாறினால் அது வேறு கணினி என்றே பெரும்பாலும் கணக்கு. ஆக, இதில் ஓடுவதோ ஓடாததோ பேச்சே இல்லை. அதோடு, ஒரு வசதியை இயங்க வைக்கும் எனேபிள் என்பதற்கும் ‘செயற்படுத்து’ என்றே போடுகிறோம்.

எனக்கு முதலில் தோன்றியது ‘பேர்ப்பதிவு’. தோட்டத்து லயத்தில் (வரிசை வீட்டில்) குடியிருந்தால் மட்டும் போதாது, தொழிலாளர் பேர்ப் பட்டியலான செக்ரோலில் பேர் ஏறினால்தான், வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் பிரட்டில் நம் பேரைக் கூப்பிடுவார்கள் என்பது மலையகத்தில் எல்லாருக்கும் தெரியும். நிறுவியும் அனுமதி இல்லாத மென்பொருளின் நிலை அதுதான். ஆனால் ‘பதிவு’ ஏற்கெனவே ரெஜிஸ்ட்ரேஷனுக்குப் போய்விட்டது. பேரும் மின்னஞ்சலும் கொடுப்பது வேறு வேலை, பல மென்பொருள்களில் அது கட்டாயமும் இல்லை. இரண்டையும் கலந்தால் புதுக் குழப்பம்.

‘உரிமத் திறப்பு’ என்றும் யோசித்தேன். எங்கள் பக்கம் சாவி என்போம், சரி. யாழ்ப்பாணத்தில் திறப்பு என்றாலே சாவிதான். அங்கே இதை லைசன்ஸ் கீ என்றே வாசிப்பார்கள். ‘உயிர்ப்பித்தல்’ அழகான சொல், சிம் அட்டைக்கு வைத்துக்கொள்ளலாம். இங்கே அதுவும் ‘ஓடவில்லை’ என்ற எண்ணத்தையே தரும்.

பேர் ஏறுவது என்பதிலிருந்துதான் ‘உரிமமேற்றம்’ வந்தது. பதிவேற்றம், பதிவிறக்கம் என்று பழகிய வாய்க்கு இது சிரமமில்லை. வினையாக்க ‘உரிமம் ஏற்று’. பிழைச் செய்தி ‘இந்தக் கணினியில் உரிமம் ஏறவில்லை’. பழைய கணினியிலிருந்து எடுத்துப் புதியதில் போடும் டீஅக்டிவேஷனுக்கு ‘உரிமம் இறக்கு’ என்பதும் தானாகவே கிடைக்கிறது. வாகனத்துக்கு அனுமதிப்பத்திரம் என்கிறோமே, மென்பொருளுக்கும் அதையே போடலாமே என்று சிலர் கேட்கக்கூடும். பொத்தானில் அவ்வளவு நீளம் கொள்ளாது. உரிமமே போதும்.

டீச்சர் அக்காவிடம் இந்தப் பிழைச் செய்தியை மட்டும் வாசித்துக் காட்டினேன். “அப்போ லைசன்ஸ் பழைய போர்டோட போயிருச்சா? யார்கிட்ட கேட்டு மறுபடி ஏத்தணும்?” என்றார்.

ஒன்று மட்டும் எனக்கு இன்னும் தீரவில்லை. கணினியோடு சேர்ந்தே வரும் சில உரிமங்களை வேறு கணினிக்கு மாற்றவே முடியாது. அவற்றுக்கும் ‘ஏற்றம்’ பொருந்துமா, அல்லது தனிச்சொல் வேண்டுமா? உங்கள் கருத்தை எழுதுங்கள்.

அன்புடன்,
ஹட்டனிலிருந்து