புதுப்பிப்பு: தாத்தாவின் பேரேடும் இரண்டு ஸ்கேனர்களும்

யாங்கோனில் தாத்தா நடத்திய கடையின் பேரேட்டை ஸ்கேன் செய்ய, சிஐஎஸ், சிசிடி என்று சென்சாரால் (ஒளியைப் படமாக்கும் பாகம்) வேறுபடும் இரண்டு வகை ஸ்கேனர்களில் எது நல்லது என்று போன மாதம் கேட்டிருந்தேன். இரண்டிலும் எடுத்துப் பார்த்துவிட்டேன்.

சிஐஎஸ்ஸில் சென்சார் கண்ணாடிக்குக் கீழே ஒட்டினாற்போல ஓடுகிறது. தாள் படிந்திருந்தால்தான் எழுத்து தெளியும். பேரேட்டின் தையல் ஓரம் அரை விரல் தூக்கி நின்றது. அங்கே இருந்த ‘வரவு’ வெறும் சாம்பல் கறையாகிவிட்டது. சிசிடியில் ஆடிகள், லென்ஸ் வழியாகப் பிம்பம் போவதால் சற்று விலகியிருப்பதும் தெளிவாக விழும். அதே ‘வரவு’ தாத்தா இழுத்த சுழியோடு வந்தது. அம்மா அதைப் பார்த்து அழுதுவிட்டார்.

தனித் தாள்களுக்கு சிஐஎஸ்ஸே போதும். யூஎஸ்பி மின்சாரத்திலேயே ஓடுவதால், கரண்ட் போனாலும் லேப்டாப்பை வைத்து வேலை நடக்கும். நம் ஊரில் அது பெரிய விஷயம்.

அப்புறம், பழைய போட்டோ ஃபிலிம் நெகட்டிவை ஸ்கேன் செய்வது பற்றிக் கேட்ட அண்ணனுக்கு: மூடியிலும் விளக்குள்ள சிசிடியாகப் பார்த்து வாங்குங்கள்.